போதைக் கடத்தல், அவசரநிலை, அமெரிக்கப் பொருளாதாரத் தடை: காங்கிரஸ் தட்டிக் கேட்க முடியுமா? (அடிக்கடி வரும் கேள்விகள்)

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டு வங்கிகளின் வாடிக்கையாளர் பெயர்களைத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பிரிவில். புதிதாகச் சேருகிறவர்களும் சரி, செய்தி படித்துவிட்டுப் போன் செய்யும் நண்பர்களும் சரி, கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். இந்தத் தடையை யார் போடுகிறார்கள், அவர்களை யாராவது கேள்வி கேட்க முடியுமா, அதிபர் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகம். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இதில் 'காங்கிரஸ்' என்று வருவது அமெரிக்க நாடாளுமன்றம், நம்மூர்க் கட்சி இல்லை.

முதல்ல, பொருளாதாரத் தடைன்னா என்ன? கடத்தல்காரனைப் பிடிச்சு உள்ள போட்டா முடிஞ்சுதே?

பிடிக்க முடிந்தால் சரி. பிடிக்க முடியாதபோது, அல்லது பிடித்த பிறகும் அவனுடைய கம்பெனிகள் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதுதான் இது. அமெரிக்கக் கருவூலத் துறையில் ஓஃபாக் என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. அது ஒரு பெயரைப் பட்டியலில் சேர்த்தால், அந்த ஆளுக்கு அமெரிக்காவில் உள்ள சொத்தும், அமெரிக்கர்கள் கையில் உள்ள சொத்தும் முடங்கிவிடும். அமெரிக்கர் யாரும் அவரோடு வியாபாரம் செய்யக்கூடாது. அவர் பாதிக்குப் பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பெனி, பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், அதே கதிதான்.

முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். முடக்கினால் சொத்து அவர் பெயரிலேயே இருக்கும், தொட மட்டும் முடியாது. இன்னொன்று, டாலரில் நடக்கும் பரிமாற்றம் எங்கிருந்து கிளம்பினாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு அமெரிக்க வங்கி வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும், அதனால் சட்டப்படி கட்டுப்படாத வேற்று நாட்டு வங்கிகளும் பட்டியலைப் பார்த்தால் கதவைச் சாத்திவிடுகின்றன. இதற்கெல்லாம் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, வழக்கே இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை யார் கண்காணிப்பது என்ற கேள்வி முக்கியமாகிறது.

போதைக் கடத்தலுக்கு இதை எப்ப ஆரம்பிச்சாங்க?

1995 அக்டோபர் 21 அன்று அதிபர் கிளின்டன் 12978 என்ற எண்ணுள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போட்டார். கொலம்பியாவை மையமாகக் கொண்ட போதைக் கடத்தல்காரர்களால் தேசிய அவசரநிலை என்று அறிவித்தார். ஆணையோடு இருந்த பெயர்கள் 4: கில்பெர்த்தோ, மிகேல் என்ற ரோட்ரிகஸ் ஒரேஹுவேலா சகோதரர்கள், ஹோசே சாந்தாக்ரூஸ் லொண்டோன்யோ, ஹெல்மர் ஹெர்ரேரா. காலி என்ற கொலம்பிய நகரத்தை மையமாகக் கொண்ட போதைக் கும்பலான காலி கார்ட்டலின் தலைகள். மூன்று நாளில் இன்னும் 76 பெயர்கள் சேர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நால்வரில் மூன்று பேர் 1995 கோடையிலேயே கொலம்பியப் போலீஸிடம் பிடிபட்டுவிட்டார்கள். ஆனால் தன் குடிமக்களை வேற்று நாட்டுக்கு ஒப்படைக்கக்கூடாது என்று கொலம்பியாவின் 1991 அரசியல் சட்டம் அப்போது தடுத்திருந்தது. ஆள் கொலம்பியச் சிறையில், 'த்ரோகாஸ் லா ரெபாஹா' என்ற அவர்களுடைய மருந்துக்கடைச் சங்கிலி வெளியே ஊரூராகக் கடை திறந்து வியாபாரம் செய்துகொண்டிருந்தது. ஆளைக் கொண்டுவர முடியவில்லை என்றால் காசை நிறுத்து என்பதுதான் கணக்கு. பிறகு ஒப்படைப்புக்கு வழி திறந்தது, சகோதரர்கள் இருவரும் 2006-ல் மயாமி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த 1995 அவசரநிலை மட்டும் அதற்கப்புறமும் முடியவில்லை.

அவசரநிலைன்னா நம்ம 1975 எமர்ஜென்சி மாதிரியா? அப்ப அமெரிக்காவுல எப்பவும் எமர்ஜென்சிதானா?

நம் தலைமுறைக்கு எமர்ஜென்சி என்றதும் நள்ளிரவுக் கைதும் பத்திரிகைத் தணிக்கையும்தான் ஞாபகம் வரும், தமிழ்நாட்டில் கூடவே 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட திமுக ஆட்சியும். இது அந்த ரகம் இல்லை. அமெரிக்காவில் 'தேசிய அவசரநிலை' என்பது ஒரு சட்டச் சாவி: இன்ன சட்டத்தில் உள்ள இன்ன அதிகாரத்தைப் பயன்படுத்தப் போகிறேன் என்று அதிபர் அறிவிப்பது. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் அமலில் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், எப்பவும்தான். 1979 நவம்பரில் ஈரான் தூதரகப் பிணைக்கைதி விவகாரத்தில் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை இன்னும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

இவ்வளவு அதிகாரத்தை அதிபருக்கு யார் கொடுத்தது?

காங்கிரசேதான். முதலில் 1917-ல், முதல் உலகப் போர் சமயத்தில், எதிரியோடு வணிகம் செய்வதைத் தடுக்கும் ஒரு சட்டம் வந்தது. போர்க்கால அதிகாரமாக இருந்தது பிறகு அமைதிக் காலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. 1973-ல் செனட்டின் சிறப்புக் குழு ஒன்று தோண்டிப் பார்த்தபோது 1933, 1950, 1970, 1971 என நான்கு அவசரநிலைகள் யாரும் முடித்து வைக்காமல் உயிரோடு இருந்தன. 1933-ல் போட்டது ரூஸ்வெல்ட் காலத்து வங்கி நெருக்கடிக்காக! அவற்றை நம்பி இயங்கக்கூடிய சட்டப் பிரிவுகள் சுமார் 470.

அந்த அதிர்ச்சியில் பிறந்தவை இரண்டு சட்டங்கள். 1976-ல் வந்த தேசிய அவசரநிலைகள் சட்டம், எப்படி அறிவிப்பது, எப்படி முடிப்பது என்று சொல்கிறது. 1977-ல் வந்த சர்வதேச அவசரப் பொருளாதார அதிகாரச் சட்டம், அறிவித்த பிறகு எதையெல்லாம் முடக்கலாம் என்று சொல்கிறது. இனிமேல் இவற்றை 76 சட்டம், 77 சட்டம் என்றே சொல்கிறேன். இரண்டுமே அதிபரைக் கட்டிப்போடத்தான் எழுதப்பட்டன. எவ்வளவு கட்டிப்போட்டன என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

சரி, காங்கிரஸ் கையில என்னதான் இருக்கு?

காகிதத்தில் பார்த்தால் நிறைய இருக்கிறது. அவசரநிலையை அறிவித்த உடனே, என்ன ஆபத்து, அது ஏன் வழக்கத்துக்கு மாறானது, என்ன நடவடிக்கை என்று அதிபர் காங்கிரசுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது என்ன செய்தோம் என்ற அறிக்கை. எவ்வளவு செலவானது என்று தனியாக ஒரு கணக்கு. ஆண்டு நிறைவுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் 'தொடர்கிறது' என்று அறிவிக்காவிட்டால் அவசரநிலை தானாகக் காலாவதி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரு அவைகளும் கூடி, இதை முடிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எந்த நேரத்திலும் கூட்டுத் தீர்மானம் போட்டு ரத்து செய்யலாம்.

அந்த ஆறு மாச அறிக்கையில என்ன எழுதுவாங்க? யாராவது படிப்பாங்களா?

கிளின்டன் காலத்தில் கொலம்பியா அவசரநிலைக்காகப் போன அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் ஒரு வாய்பாடு புலப்படும். 'இதன் மூலம் காங்கிரசுக்கு அறிக்கை அளிக்கிறேன்' என்று தொடக்கம். அந்த ஆறு மாதத்தில் சேர்ந்த பெயர்கள், நீங்கிய பெயர்கள், விதிமுறையில் செய்த திருத்தம், தடையைப் பற்றி வங்கிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் தகவல் எப்படிச் சொன்னோம் என்ற விவரம். செலவுப் பத்தியில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம் என்றும், அது கருவூலத் துறை, நீதித் துறை, வெளியுறவுத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தது என்றும் இருக்கும். ஆபத்து தொடர்கிறது, நடவடிக்கையும் தொடரும் என்று முடியும். அடுத்த அறிக்கையும் அப்படியே, தேதியும் எண்ணும் மட்டும் மாறும்.

இது வெறும் சடங்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். யார் பெயர் எப்போது சேர்ந்தது என்று பின்னால் தேடுகிறவனுக்கு இந்தக் காகிதம்தான் தடயம். ஆனால் இந்த வேலை மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. 2021-ல் வந்த புதிய போதை ஆணையில், தொடர் அறிக்கைகளைச் சமர்ப்பிக்கும் பொறுப்பைக் கருவூலத் துறைச் செயலாளரிடம் ஆணையிலேயே ஒப்படைத்துவிட்டார்கள்.

வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னா காங்கிரஸ் ஒப்புதல் தரணும்ல?

இல்லை. இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். புதுப்பிப்பது அதிபர், காங்கிரசுக்கு வருவது தகவல் மட்டும். அரசிதழில் ஒரு சிறிய அறிவிப்பு, சபாநாயகருக்கும் செனட் தலைவருக்கும் ஒரு கடிதம், அவ்வளவுதான். 1995 அவசரநிலைக்கு இது ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கிறது. கட்சி மாறினாலும் வாசகம் பெரிதாக மாறுவதில்லை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 352-வது பிரிவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1978-ல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு, அவசரநிலையை ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும், அதுவும் சிறப்புப் பெரும்பான்மையோடு. ஏற்காவிட்டால் செத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பவும் ஒப்புதல் வேண்டும். நம்மிடம் சபை பேசாமல் இருந்தால் அவசரநிலை முடியும், அவர்களிடம் சபை பேசாமல் இருந்தால் அது தொடரும். ஒரு சபையை ஏதாவது செய்ய வைப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்கு இதன் முழு அர்த்தமும் புரியும்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டு எடுக்கணும்னு சட்டத்துல இருக்குன்னு சொன்னீங்களே, எடுக்கறாங்களா?

சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள்: வாக்கெடுப்பு வைப்பதைப் 'பரிசீலிக்கக் கூட வேண்டும்'. வாக்கெடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மீறினால் என்ன ஆகும் என்றும் இல்லை. பல பத்தாண்டுகளாக இந்தக் கடமையைக் காங்கிரஸ் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் நிலவரம். தன் வேலையைத் தானே செய்யாததற்கு அதிபரைக் குறை சொல்ல முடியாது, இல்லையா?

வேணாம்னா கூட்டுத் தீர்மானம் போட்டு ரத்து பண்ணலாம்னீங்க. அப்ப காங்கிரஸ்தானே பெரிய ஆள்?

1976-ல் எழுதியபடி இருந்திருந்தால் ஆமாம். அப்போது இரு அவைகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டால் போதும், அதிபர் கையெழுத்து தேவையில்லை. 1983-ல் சாதா (Chadha) என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிபரிடம் போகாமல் காங்கிரஸ் இப்படி 'சட்டமன்ற வீட்டோ' போடுவது அரசமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அது ஒரு வெளிநாட்டு மாணவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கு, போதைக்கும் தடைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதே பாணியில் எழுதப்பட்ட எத்தனையோ சட்டப் பிரிவுகள் அதோடு ஆட்டம் கண்டன. 1985-ல் 76 சட்டத்தைத் திருத்தி, அதிபரிடம் கையெழுத்துக்குப் போகும் கூட்டுத் தீர்மானமாக மாற்றினார்கள்.

விளைவு என்னவென்றால், தான் அறிவித்த அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானத்தை அதிபரே வீட்டோ செய்யலாம். அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019-ல் மெக்சிகோ எல்லைச் சுவருக்காக டிரம்ப் அறிவித்த அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறியது, மார்ச் 15 அன்று அவர் வீட்டோ செய்தார், கீழவையில் 248-க்கு 181 என்று வாக்கு விழுந்தும் மூன்றில் இரண்டு எட்டவில்லை. 2023 ஏப்ரலில் கோவிட் அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தில் பைடன் கையெழுத்துப் போட்டார், ஆனால் எப்படியும் அடுத்த மாதம் முடிப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தவர் அவர். அதிபருக்கு ஆட்சேபம் இல்லாதபோதுதான் இந்தக் கருவி வேலை செய்கிறது.

அப்ப காங்கிரஸ் சும்மா கையைக் கட்டிட்டு நிக்குதா?

அப்படியும் சொல்ல முடியாது. அவசரநிலையை முடிப்பதில் தோற்றாலும், அதற்குப் பக்கத்திலேயே தன் சொந்தச் சட்டத்தைக் கட்டுவதில் காங்கிரஸ் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது. கொலம்பியாவில் கிளின்டன் செய்ததைப் பார்த்து, அதையே உலகம் முழுக்க விரித்து 1999 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள். வெளிநாட்டுப் போதைக் கடத்தல் தலைவர்கள் சட்டம், எல்லாரும் சொல்வது கிங்பின் சட்டம். இதற்கு அவசரநிலை அறிவிப்பே தேவையில்லை. ஆண்டுதோறும் ஜூன் 1-க்குள் அதிபர் பெயர்களைக் காங்கிரசின் குறிப்பிட்ட குழுக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜூலை 1-க்குள் ஆள்பலம், செலவு உள்ளிட்ட விவரங்களோடு உளவுக் குழுக்களுக்கு ரகசிய அறிக்கை ஒன்று போக வேண்டும். முதல் பட்டியல் 2000 ஜூனில் 12 பெயர்களோடு வந்தது. 2006 ஜூனில் தாவூத் இப்ராஹிமும் அவருடைய கும்பலும் இதில் சேர்ந்ததை நம்மூர்ப் பேப்பரிலும் பார்த்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், உண்மையான கண்காணிப்பு இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கிறது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தத் தேதிக்குள் கேட்பது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் வீட்டோ பயம் இல்லாமல் ஒவ்வொரு வருடமும் பதில் வரும். 2019-ல் 'ஃபென்டனில்' என்ற செயற்கைப் போதைமருந்து தொடர்பான தடைகளுக்கென்று ஒரு சட்டம், 2024 ஏப்ரலில் இன்னொன்று என்று அதே பாதையில் தொடர்ந்தார்கள்.

அலர்ட்ல ஒருத்தருக்கு எஸ்.டி.என்.டி.ன்னு வருது, இன்னொருத்தருக்கு எஸ்.டி.என்.டி.கே.ன்னு வருது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இவை எந்த ஆணை அல்லது சட்டத்தின் கீழ் பெயர் சேர்ந்தது என்று காட்ட ஓஃபாக் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வரும் குறிகள். முதலாவது 1995 ஆணையின் கீழ் வந்த பெயர், அதாவது கொலம்பியா அவசரநிலை. கடைசியில் 'கே' இருந்தால் கிங்பின் சட்டம். 14059 என்ற எண் ஒட்டியிருந்தால் பைடன் 2021 டிசம்பர் 15-ல் போட்ட ஆணை, அது 77 சட்டத்தின் கீழ் புதிய அவசரநிலை ஒன்றை அறிவித்தது. ஓராண்டில் போதைமருந்துச் சாவு ஒரு லட்சத்தைத் தாண்டிய நேரம் அது. கிங்பின் சட்டத்தில் ஏதாவது ஒரு தலைவனோடு தொடர்பு காட்ட வேண்டியிருந்தது. வேதிப்பொருளை ஒருவர், மாத்திரை அச்சை இன்னொருவர், பணத்தை வேறொருவர் என்று சிதறிக் கிடக்கும் ஃபென்டனில் வியாபாரத்தில் அது சரிப்படவில்லை என்பதால் வலையை அகலமாக்கினார்கள்.

ஒரே ஆள் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று குறிகள் இருப்பதும் உண்டு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும், அதனால் குறியை முழுதாகப் படியுங்கள். (ஸ்பானிஷ் பெயர்களில் அப்பா வழிக் குடும்பப் பெயர் முன்னால், அம்மா வழி பின்னால். கடைசிச் சொல்லை மட்டும் தட்டிப் பார்த்து 'மேட்ச் இல்லை' என்று மூடிவிடாதீர்கள்.)

கிங்பின் சட்டமும் 2021 ஆணையும் இருக்கும்போது, அந்த 1995 அவசரநிலையை இன்னும் ஏன் இழுத்துட்டே போறாங்க?

நல்ல கேள்வி. அது காலாவதியானால், அதன் கீழ் மட்டும் பட்டியலில் உள்ள பெயர்களுக்குச் சட்ட ஆதாரம் போய்விடும். ஒவ்வொன்றையும் புதிய ஆதாரத்தோடு வேறு சட்டத்தில் மறுபடி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சொத்தை விட வேண்டும். புதுப்பிக்க ஒரு பக்கக் காகிதம் போதும். விட்டால், கடத்தல்காரனை விடுவித்த அதிபர் என்று எதிர்க்கட்சி மேடை போடும். எந்த அதிபரும் எளிதானதைத்தான் செய்வார். முந்தைய ஒரு பதிலில் சொன்ன 'பேசாமல் இருந்தால் தொடரும்' என்ற அமைப்பின் நேரடி விளைவு இது.

தப்பா ஒருத்தர் பெயர் சேர்ந்துட்டா யார்கிட்ட போறது? காங்கிரஸ்கிட்டயா?

ஓஃபாக்கிடமே மனு போடலாம், பிறகு நீதிமன்றம் போகலாம். கிங்பின் சட்டம் வந்தபோது, இந்த முடிவுகளை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக்கூடாது என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். காங்கிரசுக்கே உறுத்தியிருக்க வேண்டும், அதே சட்டத்தில் இதை ஆராய ஒரு ஆணையத்தையும் அமைத்தார்கள். அது 2001-ல் அறிக்கை கொடுத்தது, அந்த ஆண்டு இறுதியிலேயே அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே போய் ஜெயிப்பது வேறு. பெருவைச் சேர்ந்த விமான நிறுவன உரிமையாளர் ஃபெர்னாண்டோ செவாயோஸ் பட்டியலிலிருந்து நீங்கப் போட்ட வழக்கில், 2015-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கமே நின்றது. இந்த விஷயங்களில் நிர்வாகத்தின் முடிவுக்கு நீதிபதிகள் நிறையவே மதிப்புக் கொடுக்கிறார்கள்.

தடை யாரையெல்லாம் இடிக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது அமெரிக்கா தெ காலி கதை. கோபா லிபர்த்தாதோரெஸ் என்ற தென்னமெரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்துக்கு 1985, 86, 87, 96 என நான்கு முறை போன கொலம்பியக் கால்பந்து கிளப். 1999-ல் கார்ட்டல் தொடர்புக்காகப் பட்டியலில் ஏறியது. வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, பெரிய விளம்பரதாரர் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். 2011-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, 2013 ஏப்ரலில்தான் பெயர் நீங்கியது. பந்து உதைத்தவனும் டிக்கெட் வாங்கியவனும் செய்த குற்றம் என்ன? பனாமாவில் 2016-ல் ஒரு வணிகக் குடும்பத்தின் மேல் தடை வந்தபோது அவர்களுக்குச் சொந்தமான 'லா எஸ்ட்ரெயா' என்ற பழம்பெரும் நாளிதழும் சேர்ந்து மாட்டியது. பத்திரிகை நிற்காமல் இருக்க ஓஃபாக் தனி உரிமம் கொடுத்தது, அடுத்த ஆண்டு பெயரும் நீங்கியது.

இவ்வளவு பெயரைச் சேர்த்து என்ன பலன்? யாராவது கணக்குப் பார்த்தாங்களா?

காங்கிரசுக்கென்று ஒரு தணிக்கை அமைப்பு இருக்கிறது, நம் சி.ஏ.ஜி. போல. 2019 டிசம்பரில் அது கிங்பின் சட்டத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 2000-லிருந்து 2,000-க்கும் மேற்பட்ட தனிநபர்களும் நிறுவனங்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்றது. அதோடு ஒரு குத்தலும் இருந்தது: இதற்காகத் துறைகள் செய்யும் செலவு பற்றிக் காங்கிரசுக்குப் போகும் தகவல் ஒரே மாதிரியாகத் திரட்டப்படவில்லை, அதைச் சரிசெய்யுங்கள் என்று. சட்டம் கேட்ட அறிக்கை போய்க்கொண்டுதான் இருந்தது, அதில் உள்ள எண்ணை நம்பலாமா என்று இருபது வருடம் கழித்துத்தான் ஒருவர் திருப்பிப் பார்த்தார்.

2025-ல் ஃபென்டனில் காரணம் சொல்லி கனடா மேல வரி போட்டாங்களே, அதுவும் இதே சட்டமா?

அதே 77 சட்டம், அதே அவசரநிலை வழி. 2025 பிப்ரவரி 1 அன்று கனடா, மெக்சிகோ, சீனா மூன்றின் மேலும் ஆணைகள் வந்தன. அதுவரை சொத்து முடக்கத்துக்குப் பயன்பட்ட சட்டத்தை வைத்துச் சுங்க வரி போட்டது அதுதான் முதல் தடவை. வரி போட அதில் இடம் இருக்கிறதா என்பது தனி வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. கனடா எல்லையில் 2024 நிதியாண்டில் பிடிபட்ட ஃபென்டனில் 43 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 19 கிலோ. மெக்சிகோ எல்லையில் பிடிபட்டது 21,000 பவுண்டுக்கு மேல். 'வழக்கத்துக்கு மாறான, அசாதாரண ஆபத்து' என்று சட்டம் கேட்பதற்கு 43 பவுண்டு போதுமா என்று செனட்டில் பலர் கேட்டார்கள்.

கேட்டதோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று கனடா அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 51-க்கு 48 என்று நிறைவேறியது, ஆளும் குடியரசுக் கட்சியினர் நால்வர் கட்சி மாறி வாக்களித்தார்கள். ஆனால் கீழவையில் அதற்கு முன்பே ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார்கள். 76 சட்டப்படி இத்தகைய தீர்மானத்தைக் குழு 15 நாட்காட்டி நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அதன் பிறகு மூன்று நாளில் சபை வாக்கெடுக்க வேண்டும். எனவே மார்ச்சில் கீழவை ஒரு விதியை நிறைவேற்றியது: இந்த அவசரநிலையைப் பொறுத்தவரை, கூட்டத்தொடரில் மீதமுள்ள எந்த நாளும் நாட்காட்டி நாளாகக் கணக்கில் வராது. விடிகிறது, பொழுது சாய்கிறது, ஆனால் நாள் ஆகவில்லை! அதிபரின் அதிகாரத்தை அதிபர் காப்பாற்றவில்லை, சபையே காப்பாற்றிக் கொடுத்தது.

கார்ட்டல்களைப் பயங்கரவாத அமைப்புன்னு அறிவிச்சாங்களே, படகு மேல குண்டும் போட்டாங்களே, அதெல்லாமும் இந்தத் தடைதானா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. 2025 பிப்ரவரியில் எட்டு அமைப்புகளை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவின் கீழ். அதில் ஏழு நாள் முன்னதாகக் காங்கிரஸ் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டும். போதை கடத்துவதாகச் சொல்லப்பட்ட படகுகள் மேல் 2025 செப்டம்பரில் தொடங்கிய தாக்குதல்கள் ராணுவ நடவடிக்கை, அதற்குப் பொருந்துவது 1973 போர் அதிகாரத் தீர்மானம். பட்டியலில் பெயர் சேர்ப்பது ஒருவரைக் கொல்ல அனுமதி ஆகாது.

கொலம்பிய அதிபரையே பட்டியல்ல சேர்த்தாங்களாமே, பதவியில இருக்கறவரைச் சேர்க்கலாமா?

சேர்த்தார்கள். 2025 அக்டோபர் 24 அன்று குஸ்தாவோ பெத்ரோ, 2021 ஆணையின் கீழ். தடுக்கும் விதி 77 சட்டத்தில் இல்லை. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். காங்கிரசிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அவசரநிலை ஏற்கெனவே அமலில் இருந்தது. அறிவிப்பு ஒரு தடவைதான், அதற்கப்புறம் எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொரு பெயரும் சபைக்கு வரும் என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

போதைப் பட்டியல்ல இந்தியா பேரும் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நம்ம மேலயும் தடையா?

அது வேறு பட்டியல். போதைப்பொருள் உற்பத்தியாகும் அல்லது கடந்து போகும் முக்கிய நாடுகள் என்று அதிபர் ஆண்டுதோறும் செப்டம்பர் 15-க்குள் காங்கிரசுக்கு ஒன்று அனுப்புவார். அதில் இந்தியா பல வருடமாக இருக்கிறது. பூகோளம், வணிகம், வேதிப்பொருள் தொழில் இவற்றால் வருவது, அரசு ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. கடமை தவறியது என்று தனியாகக் குறிக்கப்பட்டால்தான் அமெரிக்க நிதியுதவி பாதிக்கலாம், 2025-ல் கொலம்பியா அப்படிக் குறிக்கப்பட்டது, ஆனால் உதவி தொடர விலக்கும் கொடுத்தார்கள். நாட்டின் மேல் தடை இல்லை, ஆனால் தனி ஆட்கள் மேல் வரும். 2025 செப்டம்பரில் போலி மாத்திரை விற்றதாக இந்தியர் இருவரை ஓஃபாக் பட்டியலில் சேர்த்தது.

இந்தச் சட்டத்தையே மாத்த யாரும் முயற்சி பண்ணலையா?

பண்ணினார்கள். 2019-ல் எல்லைச் சுவர் சண்டைக்குப் பிறகு செனட்டர் மைக் லீ ஒரு மசோதா கொண்டுவந்தார். 30 நாளுக்குள் காங்கிரஸ் ஏற்காவிட்டால் அவசரநிலை தானாக முடியும், கிட்டத்தட்ட நம் 352 பாணி. அது சட்டமாகவில்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் அதிலும் ஒரு விலக்கு இருந்தது: 77 சட்டத்தை மட்டும் பயன்படுத்தும் அவசரநிலைகளுக்கு அந்த விதி பொருந்தாது. அதாவது அது நிறைவேறியிருந்தாலும் 1995 கொலம்பியா அவசரநிலை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பொருளாதாரத் தடை என்ற ஆயுதம் இரு கட்சிகளுக்குமே பிடிக்கும், அதைத் தொட யாருக்கும் மனசில்லை.

நாளைக்கே ஒரு அவசரநிலையைக் காங்கிரஸ் ரத்து பண்ணிட்டா, எங்க வேலையில என்ன மாறும்?

செய்தியைப் பார்த்துவிட்டு எதையும் விடுவிக்காதீர்கள். ஓஃபாக் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியதாக அறிவிக்கும் வரை அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆளுக்கு வேறு குறியும் இருக்கலாம், மேலே சொல்லியிருக்கிறேன். அவசரநிலை முடிந்தாலும், அது அமலில் இருந்தபோது நடந்த மீறலுக்குத் தண்டனை உண்டு என்று 76 சட்டமே சொல்கிறது. முன்பு ஐந்து ஆண்டாக இருந்த வழக்குக் காலவரம்பை 2024 ஏப்ரல் சட்டம் பத்தாக்கிவிட்டது. அதற்கு ஏற்ப ஆவணங்களைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2025 மார்ச் 12 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் அலுவலகக் கையேட்டில் இன்னும் ஐந்து ஆண்டு என்று இருந்தால், பழைய கோப்பை அழிப்பதற்கு முன் மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.